ஊட்டிக்கு வலசை வரும் பறவைகளைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

இமயமலையிலும் அதற்கு வடக்கிலும் கூடுகட்டிய பறவைகள் பல, செப்டம்பர் முதல் நவம்பர் வரை நீலகிரிக்கு வந்து சேர்கின்றன. அவற்றைக் காண அடர்காட்டுக்குள் போக வேண்டியதில்லை. ஊட்டி நகருக்குள்ளேயே பார்க்கலாம்.

முதல் வேலையை ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முழுவதும் அங்கிருக்கும் சிவப்பு மீசைச் சின்னான், சாம்பல் சிட்டு, நீலகிரி ஈப்பிடிப்பான் போன்றவற்றைக் கண்ணுக்கும் காதுக்கும் பழக்கிக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பறவைகளை அறிந்தவருக்கே புதிதாக வந்தது எதுவென்று தெரியும் என்பதால், இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். பைனாகுலர் வாங்குவதானால், எட்டு மடங்கு பெரிதாக்குவதும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை உடையதும் மூடுபனி வெளிச்சத்துக்கு ஏற்றது.

அடுத்து, சாம்பல் வாலாட்டிக்காக ஓடைக்கரையிலும் ஈரமான சாலையோரத்திலும் காத்திருங்கள். சாம்பல் முதுகும், வாலடியில் பளிச்சிடும் மஞ்சளும், ஓயாமல் மேலும் கீழும் ஆடும் நீண்ட வாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பறவை இல்லை என்பது என் கருத்து.

கதிர்க்குருவிகளைக் காதால்தான் பிடிக்க வேண்டும். புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போல் 'செக்... செக்' என்று கேட்டால், அது பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். சுமார் 10 கிராம் எடையே உள்ள இவை இரவில் பயணம் செய்பவை. விடிந்த முதல் இரண்டு மணி நேரம் சுறுசுறுப்பாக இரை தேடும். இரவெல்லாம் மழை பெய்து காலையில் வானம் வெளுத்தால், உடனே கிளம்புங்கள்.

அக்டோபர் முதல் காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடலாம். வடமேற்கு இமயமலையின் சிறு பகுதியில் மட்டும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தை இலங்கை மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கழிக்கும் இப்பறவையின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. ஆணின் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், அதைச் சுற்றிக் கருங்கரை. வாலை நிமிர்த்தும்போது அடிப்பகுதியின் இருபுறமும் வெண்மை தெரியும். அதை வரவழைக்கப் பதிவு செய்த குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்த உயிருக்கு அது வீண் அலைச்சல்.

பார்த்ததை நாள், நேரம், இடம், எண்ணிக்கையுடன் குறித்து, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இணையதளமான இபேர்டில் (eBird) ஏற்றுங்கள். வாலாட்டி வராத நாளின் பட்டியலும், அது வந்த நாளை உறுதிசெய்ய உதவும். விடியற்காலையில் காட்டுமாடுகள் தெருவுக்கே வருவதுண்டு. எதிர்ப்பட்டால் வந்த வழியே மெல்லத் திரும்பிவிடுங்கள்.