ரோஜாவும் ஊத்தும்: வீட்டிலேயே 3 கிராம் அத்தர் கலக்கும் முறை

ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் அத்தர்க் கடையில் நின்று பாருங்கள். நாலைந்து குப்பி முகர்ந்தபின் பலர் கேட்பது ரோஜா ஊத் கலவையைத்தான். காரணம் எளிது. ரோஜா எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரோனெல்லோல், ஜெரானியோல் என்ற இலேசான வாசனைப் பொருள்கள். சில மணி நேரத்தில் பறந்துவிடும். அகில் கட்டையிலிருந்து வடிக்கும் ஊத்தில் இருப்பவை கனமானவை. காலையில் தொட்டால் இரவிலும் சட்டையில் நிற்கும். ரோஜா, ஊத்தின் முரட்டுத்தனத்தை மழுக்குகிறது; ஊத் ரோஜாவை ஓடவிடாமல் பிடித்துவைக்கிறது.

அந்த முரட்டுத்தனம் எப்படி இருக்கும்? அசாம் வகை ஊத்தின் முதல் பத்து நிமிடம் தோல் மண்டி வாடைதான். வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டாம். "கெட்டுப்போன சரக்கு" என்று குப்பியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அரை மணி கழித்து முகருங்கள்.

வாங்க வேண்டியவை

ஆவியில் வடித்த ரோஜா எண்ணெய் அரை கிராம், ஊத் எண்ணெய் கடைக்காரர் தரும் மிகச்சிறிய அளவு (கால் தோலா என்றால் சுமார் 3 கிராம், அதுவே அதிகம்), சந்தன எண்ணெய் 1 கிராம், இவற்றைக் கரைக்க ஜோஜோபா எண்ணெய் 10 மில்லி. நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் தராசு, கண்ணாடிப் பிப்பெட் (சொட்டு விடும் குழாய்), 2 மில்லி குப்பி இரண்டு, 5 மில்லி குப்பி ஒன்று. குப்பிகள் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்; ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கலவை கலங்கிவிடும்.

1 கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 முதல் 4 டன் பூ வேண்டும். 10 மில்லியை 200 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்றால் அதில் பூ எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வடித்த ரோஜா எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஊசி ஊசியாக உறையும், உள்ளங்கைச் சூட்டில் இளகும். உறையாவிட்டால் சந்தேகப்படலாம். உறைந்துவிட்டது என்பதற்காக முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். மெழுகுப் பொருள் சேர்த்தும் உறைய வைக்கலாம்.

பூச்சந்தையில் பன்னீர் ரோஜா வாங்கித் தேங்காய் எண்ணெயில் ஊறவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். இதழில் உள்ள ஈரத்தால் பூஞ்சை பிடிக்கும், வைக்கோல் வாடைதான் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் அடிப்படையாகவும் உதவாது: மார்கழி விடியலில் வேலூரிலேயே உறைந்துவிடும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஜோஜோபாவுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

படி 1: பத்து சதவீதக் கரைசல்

மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றுப் பட்டால் இந்தத் தராசு ஒரு இடத்தில் நிற்காது.

ஊத் பிசுபிசுப்பானது. மூடிய குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் இளகும். காலிக் குப்பியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, 0.10 கிராம் ஊத் விடுங்கள். ஒரு சொட்டே 0.02, 0.03 கிராம் வரும் என்பதால் துல்லியமாக 0.10-இல் நிறுத்த முடியாது. அதனால் எப்போதும் விலை உயர்ந்ததை முதலில் விட்டு, விழுந்த அளவுக்கேற்ப ஜோஜோபாவைச் சரிசெய்யுங்கள். 0.10 என்றால் 0.90, 0.12 விழுந்துவிட்டால் 1.08. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் ஊத்தை வீணடிப்பார்கள். ரோஜாவுக்கும் இதே முறையில் இன்னொரு குப்பியில் கரைசல் செய்து, இரண்டிலும் பெயரும் தேதியும் ஒட்டுங்கள்.

படி 2: காகிதத்தில் சோதனை

கெட்டியான ஓவியக் காகிதத்தை ஒரு செ.மீ. அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று துண்டுகளில் ரோஜாவும் ஊத்தும் முறையே 9க்கு 1, 3க்கு 1, 1க்கு 1 என்ற விகிதத்தில், அந்த இரு கரைசல்களிலிருந்தும் சொட்டு விடுங்கள். பத்து நிமிடம், இரண்டு மணி நேரம், மறுநாள் காலை என மூன்று வேளை முகர்ந்து எழுதி வையுங்கள். முதல் வேளையிலேயே முடிவெடுத்தால் ரோஜா மிகுந்ததைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். மறுநாள் அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. சமபங்குத் துண்டில் ரோஜா இருந்த இடமே தெரியாது. தொடக்கத்துக்கு 3க்கு 1 போதும்.

படி 3: கலவை

5 மில்லி குப்பியில் ரோஜாக் கரைசல் 0.18 கிராம், ஊத் கரைசல் 0.06, சந்தன எண்ணெய் 0.30, ஜோஜோபா 2.46. மொத்தம் 3 கிராம். ஜோஜோபா தண்ணீரைவிட இலேசு, அதனால் 3 கிராம் என்பது கிட்டத்தட்ட 3.4 மில்லி வரும். 3 மில்லி அத்தர்க் குப்பியில் ஊற்றினால் வழிந்துவிடும். சந்தனம் இரண்டுக்கும் நடுவே இணைப்பு. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே இருக்கிற வட்டாரம் இது என்றாலும், பில்லோடு விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, இருட்டில் வையுங்கள். முதல் வாரம் இரண்டு வாசனையும் தனித்தனியாகத் தெரியும். நான்கு வாரத்தில் கலந்துவிடும். ரப்பர்க் குமிழ் உள்ள சொட்டு மூடியோடு வைத்துவிடாதீர்கள். எண்ணெய் ரப்பரைத் தின்று, அதன் வாடையையும் ஏற்றிக்கொள்ளும். கத்திரி வெயிலில் மேல்தளத்து வீட்டுப் பீரோ கொதிக்கும். கீழ்த்தட்டில், துணிக்கு நடுவே வைப்பது நல்லது.

படி 4: தொட்டுக்கொள்வது

முழங்கை மடிப்பின் உட்புறம் ஒரு புள்ளி வைத்து 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதைத் தோலில் போட வேண்டாம். ரோஜா எண்ணெயில் இயல்பாகவே மெத்தில் யூஜினால் (புற்றுநோய் ஐயமுள்ள பொருள்) இருப்பதால் கலவையில் அந்த எண்ணெயை 0.6 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், குழந்தைகளுக்குப் பூசாதீர்கள். ஒத்துக்கொண்டால் காதுக்குப் பின்னால், மணிக்கட்டில் ஒரு தொடுகை. தேய்க்க வேண்டாம். வெள்ளை ஜிப்பாவிலும் வேட்டியிலும் ஊத்தின் பழுப்புக் கறை போகாது. துணியில்தான் வேண்டும் என்றால் உள்தையலில் தொடுங்கள்.

வெயில் காலத்தில் இந்தக் கலவை மூச்சை அடைப்பதாகத் தோன்றினால் அடுத்த முறை ஊத் கரைசலை 0.04 ஆகக் குறைத்து, ஜோஜோபாவை 2.48 ஆக்குங்கள். ரோஜாவில் கை வைக்க வேண்டாம்.