ராத்திரி ரெண்டு மணி எப்படி டீச்சர் முற்பகல்?

போன வருஷம் நாலாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அவனுடைய அம்மாவும் அப்பாவும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மல்லிப்பூ பறிக்கப் போகிறவர்கள். மு.ப. என்றால் காலை, பி.ப. என்றால் மாலை என்று அதுவரை நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, துணி காயப்போடும் கொடியில்தான் தொடங்குகிறேன்.

வகுப்புக்குக் குறுக்கே ஒரு கொடி, அதில் 25 கிளிப். இடது ஓரத்தில் 12, பிறகு 1 முதல் 11, நடுவில் மறுபடி 12, மறுபடி 1 முதல் 11, கடைசியில் 12. நடு 12-இல் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். அதுதான் நண்பகல். ரிப்பனுக்கு முன்னால் இருப்பதெல்லாம் முற்பகல், பின்னால் இருப்பதெல்லாம் பிற்பகல். வெளிச்சமா இருட்டா என்ற பேச்சே வேண்டாம்.

இனி பிள்ளைகள் தங்கள் நாளைச் சீட்டில் எழுதி மாட்டட்டும். பள்ளியில் காலை உணவு 8.15, இடது பக்கம். சத்துணவு 12.40. இதைப் பாதிப் பேர் இடது பக்கம்தான் கொண்டுபோவார்கள். அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். "ரிப்பனைத் தாண்டியாச்சா?" என்று மட்டும் கேளுங்கள், அவர்களே மாற்றிவிடுவார்கள்.

அட்டைக் கடிகாரம் இதற்குப் பிறகுதான். ஒரு பிள்ளை கொடியோரம் கிளிப் கிளிப்பாக நடக்க, இன்னொரு பிள்ளை சின்ன முள்ளைத் திருப்பட்டும். ரிப்பனுக்கு வரும்போது முள் ஒரு சுற்று முடித்திருக்கும். ஒரு நாளுக்கு இரண்டு சுற்று என்பதை வாயால் சொல்லவே வேண்டியதில்லை.

மறுநாள் இன்னொரு கொடியை முதல் கொடியின் வலது நுனியோடு முடிச்சுப் போடுங்கள். முடிச்சுதான் நள்ளிரவு. ராத்திரி சாப்பாடு 8 மணி முடிச்சுக்கு இந்தப் பக்கம், பூ பறிக்கும் 2 மணி அந்தப் பக்கம். நாம் ஒரே ராத்திரி என்று சொல்வது இரண்டு தேதியில் கிடக்கிறது. அந்தப் பையன் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

12 மணிக்கு மட்டும் மு.ப., பி.ப. போடவே வேண்டாம், நண்பகல் 12, நள்ளிரவு 12 என்றே எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பில் ரயில் நேரம், அதாவது 24 மணி நேரக் கணக்கு, வரும்போது இதே கொடியில் ரிப்பனுக்குப் பின்னால் 13, 14 என்றும், நள்ளிரவு முடிச்சில் 00 என்றும் எண்ணை மாற்றினால் போதும். 14-ஆம் தேதி 00.10 ரயிலுக்கு 13-ஆம் தேதி ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போகணும் என்று முடிச்சைக் காட்டியே சொல்லிவிடுவார்கள்.