ஸ்கூட்டருக்குப் பின் கேரியர் மாட்டுவது எப்படி: மரை போகாமல், பேனல் உடையாமல்

எல்லாம் சரியாகப் போனால் பின் கேரியர் மாட்டுவது அரை மணி நேர வேலை. மரை, அதாவது போல்ட் திருகிப் பிடிக்கும் சுருள் வரி, தேய்ந்து போய்விட்டால் அதுவே ஒரு நாள் வேலை, பட்டறைச் செலவு தனி. காரணம் எளிது. பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பிக்குக் கிராப் ரெயில் என்று பெயர். அதன் போல்ட் போய் உட்காரும் நட்டு, வண்டியின் சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்தது. கேரியர் வளைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். சட்டத்தில் இருக்கும் மரையைக் கடையில் வாங்க முடியாது. கீழே சொல்லியிருக்கும் பாதி விஷயம் அந்த மரையைக் காப்பாற்றுவதற்குத்தான்.

ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் போன்ற 110, 125 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர்களை மனதில் வைத்து எழுதியது. போல்ட் எண்ணிக்கையும் இடமும் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், வேலை செய்யும் முறை மாறாது.

எந்த மாதிரி வாங்குவது

கடையில் மூன்று மாதிரி கிடைக்கும். கிராப் ரெயிலைக் கழற்றிவிட்டு அதே போல்ட்டில் மாட்டுவது ஒன்று. கிராப் ரெயிலை அப்படியே வைத்து, அதன் மேல் கேரியர் தகட்டை உட்கார வைத்து, நீளமான போல்ட் போடுவது இரண்டாவது. ரெயில் குழாயில் கிளாம்ப் போட்டுப் பிடிப்பது மூன்றாவது.

மூன்றாவதை விட்டுவிடுங்கள். ரெயில் அலுமினிய வார்ப்பாக இருந்தால் கிளாம்ப் இறுக்கும் இடத்தில் விரிசல் விடும். இரும்புக் குழாயாக இருந்தால் பாரம் ஏறியதும் கிளாம்ப் மெதுவாகச் சுழன்று கேரியர் பின்பக்கம் தொங்கும். முதல் மாதிரி வாங்கினால் ஒன்றைப் பாருங்கள்: பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கேரியரிலேயே கைப்பிடி இருக்கிறதா? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின் இருக்கை உள்ள இருசக்கர வண்டிக்கு நிரந்தரக் கைப்பிடி வேண்டும் என்கிறது. வெறும் தட்டு மட்டும் உள்ள கேரியர் அதற்கு ஈடாகாது. புதிதாக மாட்டுபவருக்கு இரண்டாவது மாதிரிதான் நல்லது.

வாங்கும்போது மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியின் பின்பக்கம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கும். ஆக்டிவா 6ஜியில் பெட்ரோல் மூடி சீட்டுக்குப் பின்னால் வெளியே வந்துவிட்டது. பழைய ஆக்டிவாவுக்குச் செய்த கேரியர் அந்த மூடியைத் திறக்க விடாது. ஜூபிடர் 125இல் பெட்ரோல் முன்பக்கம் போடுவதால் இந்தத் தொல்லையே இல்லை.

ஸ்பேனரில் ஏமாறாதீர்கள்

இந்த போல்ட்கள் பெரும்பாலும் 8 மி.மீ. மரை. கம்பெனி போல்ட்டின் தலை பொதுவாக 12 மி.மீ.; அதே 8 மி.மீ. போல்ட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கினால் தலை 13 மி.மீ. கையில் கிடைத்த 13ஆம் நம்பர் ஸ்பேனரை 12 தலையில் போட்டு அழுத்தினால் மூலைகள் மழுங்கிவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. இரண்டு அளவிலும் ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ வைத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்த ஸ்பேனர் இந்த வேலைக்கு வேண்டாம்.

கூடவே ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், துரு இளக்கும் ஸ்பிரே, பழைய டூத் பிரஷ், 8 மி.மீ. வாஷர் ஒரு பத்து, ஸ்கேல், பழைய துணி, ஒரு காந்தம், கொஞ்சம் நெயில் பாலிஷ். போல்ட் புதிதாக வாங்குவதென்றால் தலையில் 8.8 என்று பொறித்தது கேளுங்கள். பொறிப்பே இல்லாத போல்ட் மலிவுதான், ஆனால் முடுக்கும்போது ரப்பர் மாதிரி நீளும்.

போல்ட் நீளக் கணக்கு

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கேரியர் தகடு 4 மி.மீ. கனம், வாஷர் 1.6 மி.மீ. என்றால் பழைய போல்ட்டைவிடச் சுமார் 6 மி.மீ. கூடுதலாக வேண்டும். பழையது 25 என்றால் 30 போடலாம். அரை மி.மீ. குறைவது பரவாயில்லை. ஆனால் மரைக்குள் குறைந்தது 8 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும், அதாவது ஆறு ஏழு முழுச் சுற்று. இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகிவிடுகிறது என்றால் போல்ட் குட்டை. பாரம் முழுவதும் அந்த இரண்டு மரையில் தொங்கும்.

நீளம் கூடினாலும் ஆபத்து. நுனி அடியில் எதிலாவது முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியது போல இருக்கும், தகடோ ஆடிக்கொண்டிருக்கும். பல ஸ்கூட்டர்களில் டிக்கிக்குப் பின்னால் பெட்ரோல் டேங்கும், பின் விளக்குக்குப் போகும் வயர்களும் இருக்கின்றன. புதிய போல்ட் நுனி எங்கே போய் நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடுக்குங்கள்.

கழற்றுவது

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் கேரியர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. எஞ்சின் ஆறியிருக்கட்டும். சீட்டைத் தூக்கி, பின் விளிம்பில் கிராப் ரெயில் போல்ட்களைத் தேடுங்கள். மூன்றோ நான்கோ இருக்கும். சில வண்டிகளில் அவற்றின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கத்தியால் நெம்பாதீர்கள், கொக்கி உடையும். ஓரத்தில் விரல் நகம் கொடுத்துத் தூக்கினாலே வரும்.

டிக்கியிலும் பேனல் இடுக்கிலும் துணியை அடைத்துவிடுங்கள். தவறி விழும் போல்ட் பேனலுக்கும் டேங்குக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டால் வண்டி ஓடும்போதெல்லாம் கிலுகிலுக்கும். அதை எடுக்கத்தான் காந்தம்.

போல்ட் தலையைச் சுற்றி மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். கழற்றும்போது ஒரே இழுப்பாக இழுக்காமல், கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் திரும்ப முடுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். துரு பொடியாகி வெளியே வரும். ஒரே மூச்சில் திருகினால் அந்தத் துருவே மரையை அரைத்துக்கொண்டு வரும். முன் போல்ட்டும் பின் போல்ட்டும் நீளம் வேறாக இருக்கலாம் என்பதால், எடுத்ததை அட்டையில் இருந்த இடத்தின்படி குத்தி வையுங்கள்.

கிராப் ரெயிலைத் தூக்கும்போது கவனம். பேனலுக்கும் சட்டத்துக்கும் நடுவே புஷ் என்னும் சிறிய இரும்புக் குழாய்த் துண்டு இருந்தால், அது ரெயிலில் ஒட்டிக்கொண்டு வந்து எங்கேயாவது உருளும். அதைத் திருப்பிப் போடாமல் முடுக்கினால் அழுத்தம் முழுவதும் பிளாஸ்டிக் மேல் விழும். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். வெயிலில் பிளாஸ்டிக் மெல்ல நசுங்கி, ஒரு மாதத்தில் போல்ட் தானாகத் தளர்ந்திருக்கும்.

மாட்டுவது

ரெயிலைத் திரும்ப வைத்து, மேலே கேரியரை வையுங்கள். போல்ட் போடாமலே நான்கு துளையும் நேராக வருகிறதா என்று பாருங்கள். ஒரு காலுக்கும் ரெயிலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வாஷர் கொடுத்து நிரப்புங்கள். போல்ட்டை முடுக்கி இடைவெளியை மூடப் பார்க்காதீர்கள். அப்படி இழுத்துப் பிடித்த கால் எப்போதும் விறைப்பிலேயே இருக்கும். நாலைந்து மாதத்தில் வெல்டு ஓரத்தில் பெயின்ட் மேல் தலைமுடி கனத்தில் செம்பழுப்புக் கோடு ஒன்று தெரியும். அது அழுக்கு இல்லை, துணியால் துடைத்தாலும் போகாது. விரிசலுக்குள்ளிருந்து கசியும் துரு அது.

துளை கொஞ்சம் தள்ளியிருந்தால் வட்டத் தண்டு உள்ள ஸ்க்ரூடிரைவரை ஒரு துளையில் நுழைத்து நெம்பி நேராக்கிக்கொண்டு, பக்கத்துத் துளையில் போல்ட் போடுங்கள். பேனலில் புதுத் துளை போட வேண்டும் என்று கேரியர் கேட்டால், அது உங்கள் வண்டிக்கான கேரியர் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேரியரை வண்டியில் மாட்டிய நிலையில் வெல்டு வைக்கவும் யாரையும் விடாதீர்கள். பக்கத்தில் பெட்ரோல், பிஎஸ்6 வண்டியென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியு வேறு.

எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே நான்கு சுற்று இறக்குங்கள். விரலுக்கு இறங்கவில்லை என்றால் கோணலாகப் பிடித்திருக்கிறது. எடுத்து மறுபடி போடுங்கள். எந்தக் காரணத்துக்கும் இந்தக் கட்டத்தில் ஸ்பேனரைத் தொடாதீர்கள். நான்கும் இறங்கிய பிறகு, குறுக்கு மறுக்காக, மூன்று தவணையாக முடுக்குங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும். வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையா? ஆறு அங்குல ஸ்பேனரின் நுனியில் 14 முதல் 17 கிலோ இழுவை கொடுத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். ஸ்பேனரில் பைப் சொருகி முடுக்கினால் மரை போகும், இல்லை அடியில் வெல்டு விட்டு நட்டு சுற்றும். நட்டு சுற்ற ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் போடுவதானால் மரையில் ஒரு சொட்டு. பேனலில் வழிந்தால் உடனே துடைக்க வேண்டும், சில பிளாஸ்டிக்கில் அது விரிசல் விடவைக்கும். ஸ்பிரிங் வாஷர் மட்டும் போட்டாலும் வேலை நடக்கும்.

முழுதாக முடுக்குவதற்கு முன் சீட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீல் முன்பக்கம் இருப்பதால் பின் விளிம்புதான் மேலே எழும்பும். கேரியரின் முன் கம்பி அதைத் தட்டக் கூடாது. பெட்ரோல் மூடி, பின் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மறைக்காமல் தெரிய வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம்

கேரியரில் எழுதியிருக்கும் அளவுதான். எதுவும் எழுதவில்லை என்றால் 5 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். ஆக்டிவாவின் இரு சக்கரங்களுக்கும் இடையே 1260 மி.மீ.; பின் அச்சுக்கு 250 மி.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால் பின் சக்கரத்தில் 12 கிலோ ஏறும், முன் சக்கரத்தில் 2 கிலோ குறையும். நிறுத்தி வைக்கும்போது இது ஒன்றும் தெரியாது. மேடு ஏறும்போதும், மழையில் திரும்பும்போதும் ஹேண்டில் லேசாகிப்போனது தெரியும். தண்ணீர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ, வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரண்டுக்கும் பின் கேரியர் இடமில்லை.

கட்டும் ரப்பர் கயிற்றின் தொங்கும் முனையை மடித்துச் சொருகுங்கள், சக்கரத்தில் மாட்டும். கொக்கி வைத்த ரப்பரை இழுக்கும்போது முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள்.

50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை, 500இல் ஒருமுறை எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். முடுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்து தகடு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அதற்குப் பிறகு வண்டி துடைக்கும்போது பார்த்தாலே போதும். கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. பாரத்தை இறக்கிவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.