கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிப் பாருங்கள்

அக்கா மகனின் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று வாரம் இழுத்தது. போனது எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில். அது எப்படி என்று சொல்லிவிட்டால் உங்களுக்காவது மூன்று வாரம் மிச்சமாகும். கேபினெட்டைத் திறந்து ரேம் மாற்றத் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன். எந்த ஸ்க்ரூவை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் இதில் வராது.

அவனிடம் இருந்தவை: ரைசன் 5 5600 பிராசஸர், 16 ஜிபி ரேம், 1080பி மானிட்டர், யாரோ கொடுத்த பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. கையில் இருந்த பணம் 30,000 ரூபாய்.

முதலில், கேம் இழுப்பதற்குக் குற்றவாளி கார்டுதானா என்று பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போதே திரையின் மூலையில் ஜிபியு (கார்டின் மூளை) உபயோகம் தெரியும்படி வையுங்கள். எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் இது வேலை செய்யும், காசும் இல்லை. ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது, கேம் இழுக்கிறது என்றால் கார்டுதான் திணறுகிறது. 50, 60 சதவீதத்தில் சும்மா இருந்தும் கேம் இழுத்தால் பிரச்சினை பெரும்பாலும் பிராசஸரில். அங்கே புது கார்டு போட்டுப் பயனில்லை. வேலரன்ட் போன்ற லேசான கேம் மட்டும் ஆடுகிறவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம், அதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

அடுத்தது மானிட்டர். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 36.9 லட்சம். கிட்டத்தட்ட 1.8 மடங்கு வேலை. இருப்பது 1080பி மானிட்டர், இப்போதைக்கு மாற்றப்போவதில்லை என்றால் 1440பி-க்கான கார்டுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

சரி, எந்த கார்டு? மெமரியிலிருந்து தொடங்குங்கள். 1080பி-யில் 8 ஜிபி இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் புது கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) உச்சத்தில் வைத்தால் நிரம்பி வழிகிறது, படம் விட்டுவிட்டு ஓடும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 7600 மூன்றுமே 8 ஜிபிதான். நாலைந்து வருஷம் வைத்திருக்க நினைப்பவர்கள் 12 அல்லது 16 ஜிபி பக்கம் போவது நல்லது. இங்கே ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் வருகின்றன. கடையில் பெயரை மட்டும் சொல்லி விலை கேட்டால் மலிவானதன் விலைதான் வாயில் வரும். ஜிபியையும் சேர்த்துக் கேளுங்கள், பெட்டியிலும் படித்துப் பாருங்கள்.

இன்டெல்லின் ஆர்க் பி580 பற்றியும் ஒரு வார்த்தை. 12 ஜிபி, விலைக்கு நல்ல கார்டு. ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரீசைசபிள் பார் என்ற வசதி இயக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், கொஞ்சம் பழைய பிராசஸரோடு சேர்ந்தால் வேகமும் குறைகிறது. எங்கள் 5600-உம் அந்த வரிசையில் வருவதால் விட்டுவிட்டேன்.

நான் எடுத்தது பாண்டி லாஸ்பேட்டையில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. 2021 பிப்ரவரியில் வந்த கார்டு, ஆனால் மெமரி தாராளம். விற்றவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார். பில்லும் கொடுத்தார், அதில் சீரியல் நம்பர் இருந்தது. முள்ளோடை வழியாகக் கடலூருக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

இனிமேல்தான் நான் விழுந்த பள்ளம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 3060 இழுப்பது 170 வாட், பிராசஸர் அதிகபட்சம் 76, போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் ஒரு 40. கூட்டினால் 286. 450-க்குள் அடங்குகிறதே என்று மாட்டிவிட்டேன். கார்டுக்கான எட்டு முனை வயர் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. அதற்கென்ன, இரண்டு மோலெக்ஸை (டிஸ்க்குக்கான பழைய நான்கு முனை வயர்) எட்டு முனையாக மாற்றும் வயர் கடையில் கிடைத்தது. டெஸ்க்டாப் வந்தது, வீடியோ ஓடியது. மறுநாள் போன்: "மாமா, பெரிய சண்டை வந்தாலே அணைஞ்சிடுது."

முதலில் கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன், மல்டிமீட்டர் 225 வோல்ட் காட்டியது. பிறகு ரேமைக் கழற்றித் துடைத்தேன். விண்டோஸை அழித்துப் போட்டேன். கடைசியில் விற்றவர்மேலேயே சந்தேகம் வந்தது. ஈதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றி, கார்டை வைத்து மைனிங் செய்ய வழியில்லாமல் போனபின் அடிபட்ட கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்தன, இதுவும் அதில் ஒன்றோ என்று. மறுபடி லாஸ்பேட்டைக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் முக்கல் முனகல் இல்லாமல் ஓடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ கொடுத்தார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். லேபிளில் ஒரு கட்டம் இருக்கும். 3.3, 5, 12 வோல்ட் என்று தனித்தனிப் பத்திகள், ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர். பிராசஸரும் கார்டும் தின்பது 12 வோல்ட் பத்தியிலிருந்து. அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். கேட்பது 286, கிடைப்பது 216! பழைய 1050 டிஐ மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடிய கார்டு என்பதால் மொத்தம் 191-இல் அடங்கியிருந்தது. அதனால்தான் இத்தனை நாள் குட்டு வெளிப்படவில்லை.

மோலெக்ஸ் மாற்றி வயரையும் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. எட்டு முனை என்பது 150 வாட் வரை தாங்குவதற்கான இணைப்பு. அதை மெல்லிய மோலெக்ஸ் வயரில் தொங்கவிடுவது வீட்டுக்குள் விறகு அடுக்குவது மாதிரி. கார்டுக்கான வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இல்லை என்றால், 'இது உன் கார்டைத் தாங்காது' என்று அதுவே சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் 12 வோல்ட் இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தால் இரண்டு ஆம்பியரையும் கூட்டிவிடாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று தனியாக எழுதியிருக்கும், அதுதான் கணக்கு. உங்கள் கார்டும் பிராசஸரும் இழுப்பதைக் கூட்டி, மற்றவற்றுக்கு 40, 50 சேர்த்து, அதன்மேல் பாதியளவாவது உபரி இருக்கட்டும். கார்டு நொடிப்பொழுதில் எகிறி இழுக்கும்.

550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரச் சான்று, 12 வோல்ட்டில் 43 ஆம்பியர் இருக்கும் எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன். அதோடு அணைவது நின்றது. இதையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தப் பணத்தை முதலிலேயே பட்ஜெட்டில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கார்டு தேடுங்கள். கார்டில் வண்ண விளக்குக்கும் மூன்று ஃபேனுக்கும் கூடுதல் காசு தருவது என் கணக்கில் வீண். இந்த வாட்டுக்கு இரண்டு ஃபேன் போதும். கேபினெட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். மூன்று ஃபேன் மாடல்கள் 300 மில்லிமீட்டரைத் தாண்டுவதுண்டு.

மாட்டும்போது மூன்று விஷயம். பிராசஸருக்கான எட்டு முனை வயர் நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். மாற்றிச் சொருக முயன்றால் போகாது, அழுத்தாதீர்கள். ஏஎம்டி கம்பெனி கார்டிலிருந்து என்விடியாவுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறினால் பழைய டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துச் சேஃப் மோடில் துடைத்துவிடுங்கள். மானிட்டர் வயரைப் புது கார்டில் சொருகவேண்டும், மதர்போர்டில் அல்ல. சிரிக்காதீர்கள், இதற்காகவே எனக்கு இரண்டு போன் வந்திருக்கிறது.

"பாண்டியில் வாங்கினால் மலிவாமே" என்று இன்னும் கேட்கிறார்கள். அது வாட் வரி (VAT) காலத்துப் பேச்சு. 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே 18 சதவீதம். விலை வித்தியாசம் இருந்தால் அது கடைக்காரர் வைக்கும் லாபத்தில்தான். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு நெய்வேலியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது ஆபீஸிலிருந்து ஏலத்தில் எடுத்த பிராண்டட் கம்ப்யூட்டர். அதன் எஸ்எம்பிஎஸ் 180 வாட், வடிவமும் பின்களும் தனி, கடையில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் உட்காராது. அப்படிப்பட்டவர்கள் தனி வயர் கேட்காத, ஸ்லாட்டின் 75 வாட்டிலேயே ஓடும் கார்டைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

இன்னொருவரிடம் ரைசன் 5 5600ஜி. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அது கார்டோடு பிசிஐஇ (PCIe) 3.0 மட்டுமே பேசும், 5600 அதைவிட இரு மடங்கு வேகமான 4.0 பேசும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை ஸ்லாட்டின் 16 பாதைகளில் எட்டை மட்டுமே உபயோகிப்பவை. 3.0-இல் போட்டால் அந்த எட்டும் பாதி வேகத்தில் ஓடும். 8 ஜிபி நிரம்பும்போது இது நன்றாகவே தெரியும். 3060-க்கு 16 பாதையும் உண்டு, அதனால் அவரையும் அதையே எடுக்கச் சொன்னேன்.

மூன்றாவது, யுபிஎஸ். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லோருக்கும் யுபிஎஸ் பேச்சுதான். பெட்டியில் 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட். எங்கள் 286-உடன் மானிட்டரையும், எஸ்எம்பிஎஸ் வெப்பமாக வீணாக்குவதையும் சேர்த்தால் அதைத் தொட்டுவிடும். கேம் நடுவில் கரண்ட் போனால் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். தேவனாம்பட்டினத்தில் அக்கா வீட்டில் இப்போது 1000 விஏ, 600 வாட். கரண்ட் போனதும் சேவ் செய்துவிட்டு அணைக்கச் சொல்லியிருக்கிறேன். பையன் அணைப்பதில்லை.