உப்புக்காற்றிலும் தொய்யாத பாலே பாவாடை: 1940களின் போர்க்கால உடையைத் தைக்கும் முறை

பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பாலே நடனக் காட்சி ஒன்றைப் போட நினைத்தால், வாடகைக் கடையில் தொங்கும் பளபள ஃபிராக் உதவாது. அந்தக் காலத்து மேடையுடைக்குப் பளபளப்பு கிடைக்கவில்லை. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் கூப்பன் வந்துவிட்டது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். கம்பளி உடை ஒன்றுக்கு 11, பெண்கள் ஷூவுக்கு 5, ஒரு ஜோடி காலுறைக்கு 2 என்று கழியும். அடுத்த ஆண்டு மடிப்பு, பட்டன், பாக்கெட் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை வைத்தார்கள். அலங்காரப் பூத்தையலே கூடாது என்றார்கள். பட்டு பாராசூட்டுக்குப் போனது. லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழு 1940 மே மாதம் நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்தபோது ஜெர்மன் படை உள்ளே நுழைந்துவிட்டது. ஆட்கள் தப்பி வந்தார்கள், கொண்டுபோன உடைகளும் திரைகளும் அங்கேயே போயின. இப்படி இழந்ததையெல்லாம் கூப்பன் காலத்திலேயே மறுபடி தைத்து எடுத்த உடை அலமாரி அது. ஆகவே உங்கள் உடையும் பருத்தியாக, மங்கலாக, ஒட்டுப்போட்டதாக இருந்தால்தான் பொருந்தும்.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் தைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெளியூர்த் தையல் குறிப்புகள் எல்லாம் கஞ்சியை நம்பி எழுதியவை. நம் கரைக்காற்றில் காலையில் கஞ்சி போட்ட துணி சாயங்காலத்துக்குள் தொய்ந்துவிடும். எனவே பாவாடையின் விறைப்பு வெட்டிலிருந்தும் சுருக்கிலிருந்தும் வரவேண்டும். கஞ்சி கடைசியில், கொஞ்சமாக.

கீழே வரும் அளவுகள் இடுப்பு 24 இன்ச், மார்பு 27, இடுப்பெலும்பு மட்டத்தில் சுற்றளவு 28 உள்ள பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு. கெண்டைக்கால் நடுவரை இறங்கும் நீளப் பாவாடைதான் எடுத்துக்கொள்கிறோம். தட்டு மாதிரி பக்கவாட்டில் நிற்கும் குட்டைப் பாவாடைக்குப் பத்து அடுக்குக்கு மேல் வேண்டும், அது போர்க்காலச் சிக்கனத்துக்கும் நம் செலவுக்கும் ஒத்துவராது.

வாங்க வேண்டியவை: 58 இன்ச் அகல கேன்-கேன் நெட் (விறைப்பான வலைத்துணி) 2 மீட்டர், அதே அகலத்தில் மெல்லிய நெட் மூன்றரை மீட்டர், பித்தளை ஹூக் 7, 4.8 மில்லிமீட்டர் அகல கேபிள் டை 6, அரை இன்ச் எலாஸ்டிக் ஒரு மீட்டர், மீன்பிடி சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய தங்கூஸ் (நைலான் நரம்பு) ஒரு சுருள். இதோடு வீட்டில் கிடக்கும் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று.

வேட்டியை முதலில் சோதியுங்கள். இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் துணியைப் பிடித்து, நெடுக்காகவும் குறுக்காகவும் வெடுக்கென்று இழுங்கள். இழை விலகி வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பகுதி பாடிக்கு (உடம்பைப் பிடித்து நிற்கும் மேல்பாகம்) ஆகாது. உட்கார்ந்து எழும் இடம் பெரும்பாலும் நைந்திருக்கும், கரையை ஒட்டிய ஒரு முழம் நன்றாக இருக்கும். கரையைக் கிழித்து வீசிவிடாதீர்கள். அது இழுபடாது என்பதால் இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் வைத்துத் தைக்க அதைவிட நல்ல பட்டி கடையில் கிடைக்காது.

வெட்டுவதற்கு முன்னால் வேட்டியை அலச வேண்டும், இங்கேதான் பலருக்கும் தப்பு நடக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊரில் கடைசி அலசலை அதிலேயே முடித்தால் உப்பு துணியில் தங்கிவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். துணி காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாகவே இருக்கும், அதன்மேல் என்ன கஞ்சி போட்டாலும் நிற்காது, ஹூக்கும் சீக்கிரம் களிம்பேறும். கடைசி இரண்டு அலசல் மழைத்தண்ணீரிலோ குடிதண்ணீரிலோ இருக்கட்டும். ஒரு பக்கெட் போதும்.

இனி பாவாடை. வேட்டியில் 30 இன்ச் நீளம், 5 இன்ச் உயரத்தில் இடுப்புத் துண்டு ஒன்று வெட்டுங்கள். மேல் விளிம்பில் ஒவ்வொரு இன்ச் உள்வாங்கும்படி நான்கு டாட் (உள்பக்கம் கிள்ளித் தைக்கும் கூம்பு மடிப்பு) பிடித்தால் 28 இன்ச் 24 ஆகிவிடும். மீதி இரண்டு இன்ச் பின்பக்கத் திறப்புக்கு. கீழ் விளிம்பிலிருந்து அரை இன்ச் விட்டு முதல் கோடு, அதற்கு மேல் அரை அரை இன்ச் தள்ளி இன்னும் நான்கு கோடு போடுங்கள். ஐந்து கோட்டில் ஐந்து அடுக்கு. எல்லா அடுக்கையும் ஒரே கோட்டில் தைத்தால் அந்த இடம் கயிறுபோலத் தடித்து ஊசி உடையும், பிள்ளையின் வயிறும் உப்பித் தெரியும்.

அடுக்குகளின் உயரம் உள்ளிருந்து வெளியே 18, 19, 20, 21, 22 இன்ச். உள்ளே இரண்டும் கேன்-கேன், வெளியே மூன்றும் மெல்லியது. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டினால், உள்ளடுக்கு தாழ்ந்த கோட்டில் தொடங்குவதால் அது இரண்டு இன்ச் கீழே தொங்கி வெளியே எட்டிப்பார்க்கும். மேலே சொன்ன கணக்கில் உள்ளடுக்கு ஒவ்வொன்றும் அரை இன்ச் உள்ளே ஒளிந்து, வெளியடுக்கைத் தாங்கி நிற்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் நெட்டின் முழு அகலத்தில் இரண்டு துண்டு. சேர்த்தால் 116 இன்ச். அதை 28 இன்ச்சுக்குள் சுருக்குகிறோம், கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்றுக்குக் குறைந்தால் பாவாடை சாதாரண ஃபிராக்காகத் தொங்கும். நெட் பிசிறு விடாது, அடி மடிக்க வேண்டாம். மடித்தால் கனத்து விரிப்பு கெடும்.

116 இன்ச்சை நூலில் சுருக்கினால் பாதியில் நூல் அறுந்து எல்லாம் அவிழும். ஸிக்-ஸாக் மெஷின் இருந்தால் மேல் விளிம்பில் தங்கூஸைப் படுக்கவைத்து, ஊசி அதைக் குத்தாமல் இருபுறமும் தாண்டும்படி தையல் போடுங்கள். பிறகு தங்கூஸின் ஒரு முனையை முடிச்சிட்டு மறுமுனையை இழுத்தால் நெட் வழுக்கிக்கொண்டு சுருங்கும், அறுபடாது. மிதிமெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் என்றால் அடுக்கை எட்டாகப் பிரித்துக் குறியிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் நீளத்தையல் இரண்டு வரி ஓட்டித் தனித்தனியாகச் சுருக்குங்கள். இடுப்புத் துண்டையும் எட்டாகக் குறித்துக்கொண்டால் சுருக்கு ஒரு பக்கம் குவியாது. தாழ்ந்த கோட்டில் உள்ளடுக்கைத் தைத்து மேலே ஏறுங்கள். எல்லா அடுக்கிலும் பின்பக்கத் திறப்பை ஆறு இன்ச் தைக்காமல் விட வேண்டும். தங்கூஸ் முனைகளைக் கட்டாயம் துணிக்குள் மடித்து மூடுங்கள். வெட்டிய முனை பிள்ளையின் தோலைக் கீறும்.

பாடிக்கு வேட்டியை இரட்டையாக வைத்து ஆறு துண்டு வெட்டுங்கள், நெடுக்கிழை மேலிருந்து கீழாக வரட்டும். மார்புச் சுற்றுக்கு ஒரு இன்ச் மட்டும் தளர்வு. மேலும் தளர்த்தினால் பிள்ளை கையைத் தூக்கும்போது பாடி மேலேறி, பாவாடை இடுப்பைவிட்டு நகரும். அந்த நாளில் பாடியை நிமிர்த்த எஃகுப் பட்டை வைப்பதுண்டு. இங்கே அது துருவேறி வெள்ளைத் துணியில் செம்பழுப்புக் கோடு விழும், அந்தக் கறை சாதாரணச் சலவையில் போகாது. கேபிள் டை துருப்பிடிக்காது. தலைப்பகுதியை வெட்டி, இரு முனையையும் நகவெட்டி அரத்தால் உருட்டி, தையல் விளிம்புக்கு அரை இன்ச் முன்னாலேயே நிற்கும்படி சொருகுங்கள். பின்பக்கம் ஏழு ஹூக்கை ஒன்றேகால் இன்ச் இடைவெளியில், ஒன்று இப்படி ஒன்று அப்படி எனத் திசை மாற்றித் தையுங்கள். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் முதுகு வளையும்போது சேர்ந்து கழன்றுவிடும். நூல் கண்ணியை இரண்டு வரிசை போட்டுவிட்டால் அடுத்த வருடம் வேறு பிள்ளைக்கும் ஆகும். எலாஸ்டிக் தோள்பட்டையை மட்டும் ஒவ்வொரு விழாவுக்கும் புதிதாக மாற்றுங்கள்.

வெள்ளையை அப்படியே விடாதீர்கள், மேடை விளக்கில் கண்ணைக் கூசும். இரண்டு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் தேயிலைத்தூளைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறிய பின் பாடியை நனைத்து நிழலில் உலர்த்தினால் பழைய பருத்தியின் நிறம் வரும். வெளியடுக்குக்கு மட்டும் கஞ்சி: ஒரு லிட்டருக்கு 50 கிராம் சவ்வரிசி மாவு, கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறியதும் தெளிப்பானில் தெளியுங்கள். சோற்றுக்கஞ்சி வேண்டாம். விழா நாள் மதியம் போட்டால் இரவுவரை தாங்கும், முந்தின நாள் போட்டால் வீண்.

காலுக்குத் தட்டையான துணிச் செருப்பு. நுனிக்காலில் நிற்கும் கட்டைமுனை ஷூவை, பல வருடம் பயிற்சி பெறாத பிள்ளைக்கு எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள். தட்டைச் செருப்பு காலத்துக்கும் பொருந்தும்: அமெரிக்காவில் 1943 பிப்ரவரியில் ஷூவுக்கும் ரேஷன் வந்தது, வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் கப்பேசியோ நிறுவனத்தின் பாலே செருப்புக்குக் கெட்டி அடி வைத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார். காட்சியில் தெருப் பெண்கள் வந்தால் அவர்களுக்கும் இதே செருப்பு, முழங்காலளவு நேர்ப்பாவாடை, தலையில் கட்டிய துணி போதும். காலுறை கிடைக்காத பெண்கள் காலுக்குச் சாயம் பூசி, பின்னால் பென்சிலால் தையல்கோடு வரைந்தார்கள். கண்மை பென்சிலால் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் பார்வையாளர்களுக்குக் காலம் சட்டென்று விளங்கிவிடும்.

மேடையில் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். குத்துவிளக்கு ஏற்றிய இடத்துக்கு ஆறடிக்குள் இந்தப் பாவாடை வரக்கூடாது. முடிந்தால் ஏற்றி முடித்ததும் விளக்கை மேடையைவிட்டு இறக்கிவிடுங்கள். பாரிஸில் எம்மா லிவ்ரி என்ற இளம் ஆட்டக்காரி 1862 நவம்பர் ஒத்திகையில் பாவாடை விளக்கில் பட்டு எரிந்து, அடுத்த ஜூலையில் இறந்தார். அவருடையது மெல்லிய பருத்தி. நம் நைலான் நெட் உருகித் தோலோடு ஒட்டும்.

விழா முடிந்ததும் வியர்வை காயுமுன் பாடியின் உள்பக்கத்தைக் குடிதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். பாவாடையைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அடுக்குகள் நசுங்காது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், வாடைக்காற்று மாதங்களில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மிச்சமிருக்கும் வேட்டித் துண்டில் பை தைத்து மூடி, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள்.