ஜியோகேச்சிங்கில் கம்பியில்லா பீக்கனைப் பயன்படுத்தும் முறை

ஒருவர் மறைத்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் ஆயத்தொலைவுகளைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஜியோகேச்சிங்; அப்படி மறைக்கப்படுவது ஜியோகேச். பல நிலைகள் கொண்ட ஜியோகேச்சில், அடுத்த நிலைக்கான ஆயத்தொலைவுகளைத் தகட்டில் பொறித்தோ சிறு குப்பியில் தாளாகச் சுருட்டியோ வைப்பது வழக்கம். அந்தத் தாளின் வேலையைப் பீக்கன் செய்கிறது. நாணய அளவேயான இக்கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சிறு செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்க, அருகில் வருபவரின் கருவி அதைப் பெற்றுக்கொள்கிறது.

கார்மின் நிறுவனம் 2010இல் வெளியிட்ட சிர்ப் என்னும் கருவிதான் இவ்விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டது. அது ஏஎன்டி என்னும் கம்பியில்லா முறையில், ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவு வரை செய்தி அனுப்பும். ஆனால் அதைப் பெறுவதற்கு அந்த வசதியுள்ள ஜிபிஎஸ் கருவி வேண்டும். அக்கருவியிலும் சிர்ப் தேடலை அமைப்புகளுக்குள் சென்று இயக்கியிருக்க வேண்டும். இன்று தேடுபவர்களில் பலர் கைப்பேசியோடு மட்டுமே வருவதால், புதிதாக மறைப்பவர் குறைந்த மின்சக்திப் புளூடூத் பீக்கனைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

செய்தியை எந்த வடிவத்தில் அனுப்புகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆப்பிள் நிறுவனம் வகுத்த ஐபீக்கன் வடிவத்தில் அனுப்பினால், அதன் அடையாள எண்ணை முன்பே அறியாத ஐபோன் செயலிகளால் அதைக் கண்டுகொள்ள முடியாது. ஆகவே செய்தியைக் கருவியின் பெயராகவே வைத்துவிடுங்கள். புளூடூத் கருவிகளைப் பட்டியலிடும் எந்தச் செயலியிலும் பெயர் தெரியும். புளூடூத் அறிவிப்பு ஒன்றில் மொத்தம் 31 பைட்டுகளுக்கே இடம் உண்டு. தலைப்புத் தகவல்கள் போகப் பெயருக்குக் கிடைப்பவை ஏறக்குறைய 26. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் (புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறிகளே) 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், தமிழில் குறிப்பு எழுத விரும்புபவர் எட்டுக் குறிகளுக்குள் முடித்தாக வேண்டும். எண்களே போதும் என்றால் கவலையில்லை: ஆயத்தொலைவின் பாகையையும் (டிகிரி) கலையையும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஜியோகேச் பக்கத்திலேயே தந்துவிட்டு, அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் கலையின் கடைசி மூன்று தசம இலக்கங்களை மட்டும் பீக்கனில் வைத்தால் ஆறு எழுத்துகளில் வேலை முடிந்துவிடும். அட்சரேகையில் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீட்டர் என்பதால் துல்லியத்துக்கும் குறைவில்லை.

பேட்டரியின் ஆயுள், செய்தி எவ்வளவு அடிக்கடி அனுப்பப்படுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. சிஆர்2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. சராசரியாக 20 மைக்ரோஆம்பியர் இழுக்கும் பீக்கனுக்கு அது கணக்குப்படி 11,000 மணி நேரம், அதாவது ஒன்றேகால் ஆண்டு வரும், கடுங்குளிரில் குறையும். நொடிக்குப் பத்து முறை அனுப்புவதால் தேடுபவருக்குப் பெரிய பயன் எதுவும் இல்லை. ஒன்று அல்லது இரண்டு நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

உலோகப் பெட்டிக்குள் பீக்கனை ஒருபோதும் வைக்காதீர்கள். உலோகம் அலையைத் தடுத்துவிடும். தண்ணீரும் இந்த அலைவரிசையை நன்றாக உறிஞ்சும் என்பதால், ஈர மண்ணை ஒட்டியோ நனைந்த இலைக்குவியலுக்குள்ளோ வைத்த பீக்கனின் எட்டும் தொலைவு வெகுவாகச் சுருங்கிவிடும். நீர் புகாத பிளாஸ்டிக் குப்பியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இட்டு, தரையிலிருந்து சற்று உயரத்தில் பொருத்துங்கள். பிறகு வறண்ட நாளில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என இரு வேளைகளில், வெவ்வேறு கைப்பேசிகளுடன் எல்லாத் திசைகளிலிருந்தும் நடந்து சோதியுங்கள். ஜியோகேச்சிங்.காம் தளத்தில் பதிவதாயின், நிலத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெறுவதும், பிற ஜியோகேச்களின் பொருள் வைத்த இடங்களிலிருந்து 161 மீட்டர் இடைவெளி விடுவதும் இந்த நிலைக்கும் பொருந்தும்.

தேடுபவர் வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே தமக்கு எது தேவை என்பதை அறிந்திருக்க வேண்டும். எனவே பீக்கன் உண்டு என்பதைக் காட்டும் பண்புக்குறியை ஜியோகேச் பக்கத்தில் சேர்ப்பதோடு, அது எந்த வகை, எந்தப் பெயரில் அல்லது எந்த முன்னெழுத்தில் தெரியும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். கருவி இல்லாதவருக்கும் பேட்டரி தீர்ந்த நாளில் வருபவருக்கும் அதே விடையைத் தரும் ஒரு புதிரை மாற்று வழியாக வைத்தால், நெடுந்தொலைவு வந்த எவரும் வெறுங்கையோடு திரும்ப நேராது. மாற்று வழி இல்லாத பீக்கன் ஜியோகேச்சை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தேடும்போது புளூடூத்துடன் இருப்பிட வசதியையும் இயக்கிவையுங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது இல்லாமல் தேடல் நடக்காது. இடத்தை அடைந்ததும் நடையைக் குறைத்து, சில அடிகளுக்கு ஒருமுறை நின்று பட்டியலைப் புதுப்பியுங்கள். சமிக்ஞை வலிமை டெசிபெல் அளவில் எதிர்மறை எண்ணாகத் தெரியும். அது -90இலிருந்து -60 நோக்கி உயர்ந்தால் நெருங்குகிறீர்கள் என்று கொள்ளலாம். அந்த எண் திசையைச் சொல்லாது. ஆனால் கைப்பேசியை மார்போடு சேர்த்துப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினால், உங்கள் உடலே அலையை மறைக்கும் நிலையில் வலிமை தாழும். அவ்வாறு தாழும்போது பீக்கன் பெரும்பாலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்.