'ஸ்டில்': ஒரே சொல்லை வைத்து ஆங்கிலக் கவிதை வாசிக்கப் பழகலாம்

ஆங்கிலக் கவிதையில் தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல் வந்தால் தாண்டிப் போய்விடுவோம். பெரும்பாலும் பொருளைக் கோட்டை விடுவது அந்தத் தெரிந்த இடத்தில்தான். 'ஸ்டில்' அப்படிப்பட்ட சொல். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பொருள்களைப் பிரித்து எழுதுங்கள்

பெயரடையாக வந்தால் 'அசையாத', 'ஓசையற்ற'. வினையடையாக வந்தால் 'இன்னும்' அல்லது 'ஆனாலும்'. வினைச்சொல்லாக 'தணி', 'அடக்கு'. பெயர்ச்சொல்லாக, படப்பிடிப்பில் எடுக்கும் ஸ்டில்ஸ். சாராயம் போன்றவற்றைக் காய்ச்சி வடித்தெடுக்கும் பாத்திரமான வாலைக்கும் ஸ்டில் என்றே பெயர். ஆனால் அது 'துளி' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த வேறு சொல். அதை விட்டுவிடலாம்.

'அசையாத' எப்படி 'இன்னும்' ஆனது? அசையாதது இருந்தபடியே இருக்கும். அந்த 'இருந்தபடியே'தான் இரண்டுக்கும் பாலம். இதை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

படி 2: எழுதிய காலத்தைப் பாருங்கள்

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்தச் சொல்லுக்கு 'எப்போதும்' என்ற பொருள் சாதாரணமாகப் புழங்கியது. ஹாம்லெட் நாடகத்தில் அரசன் தன் ஆலோசகர் பொலோனியஸிடம், "தௌ ஸ்டில் ஹாஸ்ட் பீன் த ஃபாதர் ஆஃப் குட் நியூஸ்" என்கிறான். 'நீ எப்போதுமே நல்ல செய்தி கொண்டு வருகிறவன்' என்று பொருள். 'இன்னும்' என்று படித்தால் வரி நொண்டும். பழைய நூல்களில் முதலில் 'எப்போதும்' என்று போட்டுப் பாருங்கள்.

படி 3: காற்புள்ளியைக் கவனியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1798-இல் "த ஸ்டில், ஸேட் மியூசிக் ஆஃப் ஹியூமானிட்டி" என்று எழுதினார். காற்புள்ளி இருப்பதால் சந்தேகமே இல்லை: அமைதியான, சோகமான இசை.

இன்னொரு ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819-இல் ஒரு கிரேக்கத் தாழியைப் பார்த்துப் பாடிய கவிதையின் முதல் வரி: "தௌ ஸ்டில் அன்ராவிஷ்ட் பிரைட் ஆஃப் க்வையட்னஸ்". இங்கே காற்புள்ளி இல்லை. வினையடையாகக் கொண்டால் 'இன்னும் தீண்டப்படாத மணமகள்'. இந்த 'இன்னும்' ஒரு பயத்தையும் கூடவே கொண்டு வருகிறது: நாளை என்ன ஆகுமோ! பெயரடையாகக் கொண்டால் 'அசைவற்ற மணமகள்'; அவளுக்கு நாளை என்பதே கிடையாது. தாழியில் தீட்டிய காதலன் முத்தமிடப் போகிறான், ஆனால் ஒருநாளும் முத்தமிட மாட்டான். மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. கவிதை முழுக்க ஓடும் அந்தத் தவிப்பு முதல் வரியின் இரண்டாவது சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள், இரண்டு பொருளையும் சேர்த்தே வாசியுங்கள். தமிழாக்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

படி 4: நல்ல மொழிபெயர்ப்போடு ஒப்பிடுங்கள்

பழைய தமிழ் பைபிளை எடுங்கள். சங்கீதம் 46:10-இல் "பி ஸ்டில்" என்பது "அமர்ந்திருந்து" என்று வருகிறது. இயேசு கடலை அதட்டும் இடத்தில் (மாற்கு 4:39) அதே ஆங்கிலச் சொற்கள் "அமைதலாயிரு" ஆகின்றன. சங்கீதத்தில் முந்தைய வசனம் போர்கள் ஓய்வதையும் வில் ஒடிவதையும் பேசுகிறது. அதோடு சேர்த்துப் படித்தால் 'பி ஸ்டில்' வெறும் மௌனமாக இல்லாமல் 'சண்டையை நிறுத்து' என்றும் கேட்கும். முன்பின் வரிகளைப் படிக்காமல் பொருளை முடிவு செய்யாதீர்கள்.

படி 5: தனியாகச் செய்து பாருங்கள்

அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலோவின் "ஸ்டில் ஐ ரைஸ்" (1978; 'ஐ ரைஸ்' என்றால் 'நான் எழுகிறேன்') என்ற தலைப்பில் முதலில் 'ஆனாலும்' என்றும், அடுத்து 'இன்னும்' என்றும் போட்டுக் கவிதையை இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள். எந்தப் பத்தியில் எது ஓங்குகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். அது முடிந்ததும் 'ஃபாஸ்ட்' என்ற சொல்லை எடுங்கள். அதற்கு 'வேகமாக' என்றும் பொருள், 'அசையாமல் உறுதியாக' என்றும் பொருள்.